நாங்க புதுசுதான், தம்பி!

உலகத்திலேயே பதில் சொல்ல ரொம்பக் கஷ்டமான கேள்வி எது தெரியுமோ? ‘கடவுள் உண்டா, இல்லையா?’ இல்லை. ‘இன்க்ரிமென்ட் எப்போ ஸார்?’ கூட இல்லை.

‘உங்களுக்கு சொந்த ஊர் எது?’

என் கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது அம்மாவழிப் பாட்டி ஊரில். வளர்ந்தது அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆன எட்டு ஊர்களில். சோறு போடுவது இன்னொரு ஊர். ஆனால் ஆபீஸ் ஃபாரத்தில் ‘நேட்டிவ் பிளேஸ்’ என்கிற கட்டத்தில் நான் எழுதுவது, தாத்தா கட்டின ஓட்டு வீடு இருக்கிற கிராமத்தின் பெயரை. அங்கே நான் தங்கிய நாட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு நாற்பது தேறும். அதில் பாதி, யாராவது செத்துப் போனதற்குப் போனது!

அந்த வீட்டை விற்றுவிடலாம் என்று போன மாசம் அண்ணன் போன் பண்ணினார்.

“இருபது வருஷமா குடியிருக்கிறவங்களே கேக்கறாங்கடா. நல்ல விலைதான். கையெழுத்துப் போட எப்ப வர்றே?”

“அதெப்படிண்ணா? பூர்வீக வீடு! நாம பொறந்த மண்ணு!” என்று குதித்தேன்.

“நீ பொறந்தது ஆஸ்பத்திரியில. போன கோடையில அந்த வீட்டுக் கிணத்தைத் தூர் வாரினது யாரு, நீயா?” என்று கேட்டுவிட்டு அண்ணன் போனை வைத்துவிட்டார்.

இந்தக் கடுப்போடுதான் மால்டாவுக்கு விமானம் ஏறினேன். ஆபீஸ் வேலை. பத்து நாள்.

“மால்டாவா? மால்டோவா பண்ற ஊராடா?” என்றாள் அம்மா.

இல்லை. இத்தாலிக்குக் கீழே சிசிலி. சிசிலிக்குக் கீழே சுமார் 90 கிலோமீட்டர் தாண்டினால் மத்தியதரைக் கடலில் யாரோ கடலை மிட்டாயை உடைத்துப் போட்ட மாதிரி சில தீவுகள். அதுதான் மால்டா. பெரிய துண்டின் பெயரும் மால்டா. அடுத்த துண்டு கோஸோ, மொத்தமே 67 சதுர கிலோமீட்டர். காலையில் ஒரு முனையிலிருந்து நடக்க ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மறுமுனைக்குப் போய்விடலாம்.

பத்து நாளில் ஒரு நாள் லீவு கிடைத்தது. ஃபெர்ரி ஏறி 25 நிமிஷத்தில் கோஸோ. அங்கே பஸ் டிரைவர் நம்ம நாட்டுக்காரர். (மால்டாவில் இப்போது நிறைய பஸ்களை ஓட்டுவது நம்மவர்கள்தான்.) என் முகத்தைப் பார்த்தார். சிரித்தார். கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி!

“நேட்டிவ்?”

ஏழு கடல் தாண்டினாலும் விடாது போலிருக்கிறது.

* * *

நான் போன கிராமத்தின் பெயர் ஷாரா. இங்கிலீஷ் எழுத்தில் எக்ஸ், ஏ, ஜி, ஹெச், ஆர், ஏ என்று எழுதியிருப்பார்கள். முதல் தடவை நான் அதை ‘எக்ஸாக்ரா’ என்று படித்துவிட்டு, ஏதோ மாத்திரை பெயர் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

மேட்டு நிலத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர். நடுவில் ஒரு சதுக்கம், ஒரு பெரிய சர்ச், நாலு காபிக் கடை. நாலாயிரம் ஐயாயிரம் ஜனம். ‘இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?’ என்று தோன்றும். சர்ச்சிலிருந்து பொடிநடையாகப் போனால் ஜகன்தீயா வரும். அங்கேதான் எனக்கு வாய் பிளந்தது.

பழங்காலக் கோயில் அது. ஒன்றல்ல, ஒட்டிப் பிறந்த மாதிரி இரண்டு. சுற்றி ஒரே மதில். சில கற்கள் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், ஐம்பது டன்னுக்கு மேல் எடை! கட்டியது கி.மு. 3600-லிருந்து 3200-க்குள். எகிப்தின் பெரிய பிரமிடு வர இன்னும் அறுநூறிலிருந்து ஆயிரம் வருஷம் பாக்கி. இரும்பு கிடையாது, செம்பு கிடையாது. கல்லைக் கல்லாலேயே செதுக்கி, கல்லையே நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இடத்தில் உருண்டை உருண்டையாகச் சில கற்கள் கிடைத்திருக்கின்றன. பெரிய கல்லுக்கு அடியில் அவற்றைப் போட்டு உருட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்கிறார்கள். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பால் பேரிங்!

ஊர்க்காரர்கள் ரொம்ப காலமாகச் சொல்லி வந்த கதை வேறு. ஒரு ராட்சசி இருந்தாளாம். மொச்சையும் தேனும்தான் அவள் சாப்பாடு. இடுப்பில் குழந்தை, தலையில் பாறை. தனியாளாகக் கட்டி முடித்தாளாம். ‘ஜகன்தீயா’ என்ற பெயரே அந்த ராட்சசக் கதையில் பிறந்ததுதான்.

ஆபீஸுக்கும் போய், குழந்தையையும் பார்த்து, ராத்திரி தோசைக்கும் அரைக்கிற பெண்களைத் தினமும் பார்க்கிற நமக்கு இந்தக் கதை நம்ப முடியாததாகத் தோன்றவில்லை.

* * *

நிஜமாகக் கட்டினவர்கள் யார்?

கி.மு. 5900 வாக்கில் சிசிலிப் பக்கத்திலிருந்து படகில் வந்த விவசாயிகளின் வம்சம். ஆடு, மாடு, கோதுமை, பார்லி விதை எல்லாவற்றையும் படகில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். ‘அப்போ அவங்கதான் ஒரிஜினல் மண்ணின் மைந்தர்கள்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்களுக்கும் முன்னால், சுமார் 8,500 வருஷத்துக்கு முன்பே, வேட்டையாடிப் பிழைத்த ஒரு கூட்டம் மால்டா பெரிய தீவுக்கு வந்திருந்ததை 2025-ல் அறிவித்தார்கள். க்யூவில் முதல் ஆள் நான்தான் என்று நின்றுகொண்டிருக்கும்போதே, எனக்கு முன்னாடியே செருப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறார் ஒருத்தர் என்று தெரிகிற மாதிரி!

ஜகன்தீயாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் கட்டினவர்களின் இடுகாடு இருக்கிறது. ‘ஷாரா வட்டம்’ என்கிறார்கள். தரைக்கு அடியில் குகை, மேலே வட்டமாகக் கற்கள். அதைக் கண்டுபிடித்த கதையே தனி காமெடி. 1820-களில் பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் ஓட்டோ பேயர் ஜகன்தீயாவைத் தோண்டினார், அதையும் தோண்டினார். குறிப்பு எதுவும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. நல்லகாலம், புரோக்டார்ஃப் என்ற ஓவியர் வந்து வாட்டர்கலரில் வரைந்து வைத்தார். அப்புறம் குழியை மூடி, மேலே விவசாயம் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். இடுகாடு எங்கே என்பதே மறந்துபோச்சு!

1960-களில் ஜோ அட்டார்ட் தபோனே என்கிற கோஸோக்காரர், அந்தப் படங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு வயல் வயலாகத் தேடி இடத்தைப் பிடித்தார். 1987-லிருந்து 1994 வரை முறைப்படி தோண்டினார்கள். கிடைத்தது சுமார் 2,20,000 எலும்புத் துண்டுகள். கிட்டத்தட்ட எண்ணூறு பேருடையவை. பெரியவர், பெண், குழந்தை எல்லாரும். தனித்தனிக் குழி இல்லை. பழைய எலும்பை ஒதுக்கி, புதியவரைப் படுக்க வைத்து, மண்டையோடுகளை ஓரமாக அடுக்கி, தலைமுறை தலைமுறையாக ஒரே இடம். செத்தும் கூட்டுக் குடும்பம்!

அங்கே கிடைத்த ஒரு சின்னச் சிலை எனக்குப் பிடித்தது. குண்டாக இரண்டு பேர் ஒரே கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மடியில் குட்டியாக ஒரு உருவம். இன்னொருவர் கையில் ஒரு கிண்ணம். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பேசுகிற இரண்டு அத்தைகள் மாதிரி இருக்கிறது.

அந்த எலும்புகளிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்து 2022-ல் கட்டுரை வெளியிட்டார்கள். சின்னக் கூட்டம், வெளித் தொடர்பு குறைவு, சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. (‘அதிலென்ன ஆராய்ச்சி?’ என்று கேட்கப் போகிறாள் என் அத்தை.)

அப்புறம் என்ன ஆச்சு?

சுமார் கி.மு. 2400 வாக்கில் கோயில்காரர்களின் கதை நின்றுவிடுகிறது. புதுக் கோயில் இல்லை, இடுகாட்டில் புதுப் பிணம் இல்லை. மண்ணைத் துளைத்து மகரந்தத் துகளை எல்லாம் எண்ணிப் பார்த்தவர்கள் சொல்வது: நல்ல மண் கரைந்து போனது, மழை பொய்த்தது. கடைசிக் காலத்து எலும்புகள், சாப்பாட்டில் கை இறுக்கம் வந்துவிட்டதைக் காட்டுகின்றன என்கிறார்கள். சத்தம் இல்லாமல் ஒரு ஜனம் தேய்ந்துபோனது. ஐம்பது டன் கல் மட்டும் அப்படியே நின்றது.

அப்புறம் வேறு ஆட்கள் வந்தார்கள். வெண்கலம் தெரிந்தவர்கள். ஷாராவுக்கு எதிரே நுஃபாரா என்று மேஜை மாதிரி தட்டையான ஒரு குன்று. அதன் உச்சியில் குடியேறி, பாறையில் மணி வடிவத்தில் குழி வெட்டித் தானியம் சேர்த்தார்கள். கீழே நல்ல நிலம் இருக்க, மேலே ஏறிக் குடியிருக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? கடல் பக்கம் பார்த்துப் பயம் வந்துவிட்டது!

பிறகு ஃபினீஷியர்கள், கார்தேஜ்காரர்கள். கி.மு. 218-ல் ரோமானியர்கள். ஊருக்குக் கீழே ரம்லா என்று செம்மணல் கடற்கரை. அங்கே ஒரு ரோமானியப் பணக்காரர் வெந்நீர்க் குளியலறையோடு பங்களா கட்டிக்கொண்டு ஜாலியாக இருந்திருக்கிறார். பங்களா இப்போது மணலுக்கு அடியில்.

870-ல் அரபுக்காரர்கள் தீவுகளைப் பிடித்தார்கள். அதற்கப்புறம் ரொம்ப வருஷம் தீவே காலியாகக் கிடந்தது, மீன்பிடிக்கவும் தேன் எடுக்கவும்தான் ஆட்கள் வந்துபோனார்கள் என்று ஒரு பழைய அரபு நூல் சொல்கிறது. அதை அப்படியே நம்பலாமா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் அடிதடி. 1091-ல் நார்மன்கள் வந்தார்கள். மெல்ல மெல்ல ஊர் கத்தோலிக்கத்துக்கு மாறியது. ஆனால் பாஷை மாறவில்லை! இன்றைக்கும் மால்டிஷ் மொழி அரபு வழி வந்ததுதான். ஷாரா சர்ச்சில் ஜபம் பண்ணுகிற பாட்டி, கடவுளைக் கூப்பிடுவது ‘அல்லா’ என்று. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்குப் பெயர் ‘ரன்டான்’. ரம்ஜான் மாதப் பெயர்தான் உருமாறி உட்கார்ந்திருக்கிறது.

எனக்குத் தலை சுற்றியது. இந்த ஊரில் யார் ஸார் உள்ளூர்க்காரர்?

* * *

சதுக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பதுக்குக் குறையாது. தொப்பி, கைத்தடி, பக்கத்தில் ஒரு பொட்டலம் ரொட்டி. மால்டாவில் எல்லாருக்கும் இங்கிலீஷ் வரும். அவர் இங்கிலீஷை நம்ம ஊர்ப் பெரியவர் பேச்சில் போட்டால்தான் ருசி. அப்படியே தருகிறேன்.

“ஐயா, உங்க குடும்பம் எத்தனை தலைமுறையா இந்த ஊர்ல இருக்கு?” என்று கேட்டேன்.

அவர் கையை வீசினார். “நாங்க புதுசுதான், தம்பி. நானூறு வருஷம்தான் ஆச்சு!”

கேலி பண்ணுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. சீரியஸாகவே சொன்னார்.

“1551-ன்னு ஒரு வருஷம். இந்தத் தீவுல பொறந்த குழந்தைக்கும் தெரியும். ஜூலை மாசம். துருக்கிக் கப்பல் படை வந்தது. சினான் பாஷா, கூட துர்குத். அப்போ கிராமத்துல யாரும் தங்க முடியாது. எல்லாரும் ஓடிப்போய் அதோ அந்தக் கோட்டைக்குள்ள அடைஞ்சுக்கிட்டாங்க.”

கைத்தடியால் காட்டினார். தூரத்தில் குன்றின் மேல் கோட்டை. தலைநகர் விக்டோரியாவின் நடுவில், வெயிலில் பிஸ்கெட் நிறத்தில் நின்றது.

“பீரங்கி வெச்சு அடிச்சான். சில நாள்தான் தாங்கிச்சு. கொஞ்சம் பேர், ஒரு முந்நூறு பேர்னு சொல்வாங்க, ராத்திரியில கயித்தைக் கட்டி மதில்ல இறங்கித் தப்பிச்சாங்க. கிழடு தட்டிப் போன ஒரு நாப்பது பேரை ‘உங்களை வித்தா எவன் வாங்குவான்’னு விட்டுட்டான். மீதி அத்தனை பேரும் அடிமை. ஐயாயிரம், ஆறாயிரம் பேர். ஆம்பளை, பொம்பளை, குழந்தை. எல்லாரையும் கப்பல்ல ஏத்தி லிபியா பக்கம் கொண்டுபோய், அங்கேர்ந்து இஸ்தான்புல் சந்தை வரைக்கும் வித்தாங்க.”

ரொட்டியை ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

“மறுநாள் காலையில இந்தத் தீவுல சேவல் கூவியிருக்கும். எழுந்திருக்க ஆள் இல்லை.”

ஜகன்தீயாவின் கல்லைப் பார்த்து வாயைப் பிளந்த எனக்கு, இதைக் கேட்டதும் வாயே வரவில்லை.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? மால்டாவிலேர்ந்து, சிசிலியிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வந்தாங்க. அந்தக் கூட்டத்துல ஒருத்தன் எங்க தாத்தனுக்குத் தாத்தனுக்குத் தாத்தன். பணம் கட்டி மீட்டு வந்தவங்க கொஞ்சம் பேர் உண்டு. வந்து பார்த்தா அவங்க வீட்டுல வேற யாரோ குடியிருக்கான்! ‘என் வீடு’ங்கறான் இவன். ‘பத்திரம் எங்கே’ங்கறான் அவன். பத்திரமெல்லாம்தான் கோட்டையோட போச்சே!”

எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. குடியிருக்கிறவர்கள் ஞாபகமும் வந்தது.

பெரியவர் சொன்னதில் இன்னொன்றும் உண்டு. புதுசாக வந்தவர்களுக்கும் பயம் போகவில்லை. பொழுது சாய்ந்தால் எல்லாரும் கோட்டைக்குள் போய்த்தான் படுக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. பகலில் வயல், ராத்திரி கோட்டை. 1637-ல்தான் அந்தச் சட்டம் போனது. அதற்கப்புறம்தான் கிராமங்கள் மறுபடி முளைத்தன. 1688-ல் ஷாரா தனிப் பங்கு ஆனது. அதாவது, தனக்கென்று ஒரு சர்ச், ஒரு சாமியார், ஒரு ஞானஸ்நான ரிஜிஸ்தர்.

“இப்ப புரியுதா, ராட்சசிக் கதை எங்கேர்ந்து வந்ததுன்னு?” என்றார் பெரியவர். “கட்டினவன் போயிட்டான். அதுக்கப்புறம் வந்து பார்த்தவனும் போயிட்டான். எங்களுக்கு எடுத்துச் சொல்ல யாரும் மிச்சம் இல்லை. அவ்வளவு பெரிய கல்லு நிக்குது. குழந்தை கேக்குது, ‘யாருப்பா கட்டினது?’ன்னு. ஏதாவது சொல்லணுமே, தம்பி!”

* * *

பெரியவரே எழுந்து, வா என்று கூட்டிக்கொண்டு போய் ஊரைக் காட்டினார்.

1725-ல் கட்டின காற்றாலை ஒன்று இருக்கிறது. தா கோலா என்று பெயர். இப்போது மியூஸியம். அந்தக் காலத்தில் மாவு அரைக்கக் காற்று வேண்டும். அது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? நல்ல காற்று அடித்தால் ஆலைக்காரர் வெளியே வந்து பெரிய சங்கை எடுத்து ஊதுவாராம். ஜனங்கள் தானியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். நம்ம பக்கம் சங்கு ஊதினால் ஆள் காலி என்று அர்த்தம். இங்கே மாவு ரெடி என்று அர்த்தம்!

அடுத்து சாதாரணமான ஒரு வீடு. கீழே போனால் குகை! கூரையிலிருந்து சுண்ணாம்பு விழுது விழுதாகத் தொங்குகிறது. இந்த மாதிரி இரண்டு வீடுகள் ஊரில் உண்டு. ஒன்று 1888-ல், இன்னொன்று 1923-ல் தெரிய வந்தவை. ஆராய்ச்சிக்காரர் யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக்காரர்கள் கிணறு வெட்டினார்கள், குகை வந்தது.

“ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழைதான். மொட்டைமாடியில விழற தண்ணியைக் கிணத்துல இறக்கி வெச்சுக்கணும். கிணறு இல்லைன்னா வீடே இல்லை” என்றார்.

சில வீட்டு வாசல்களில் கங்காரு, கழுகு என்று கல்லில் சிற்பம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேலை இல்லாமல் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறியவர்கள், சம்பாதித்துத் திரும்பி வந்து கட்டினவை. நம்ம பெரியவரும் ஆஸ்திரேலியா பார்ட்டிதான். முப்பது வருஷம் மெல்பர்னில் தொழிற்சாலை வேலை.

“அங்கே இருந்தப்போ என்னை ‘மால்டாக்காரன்’னாங்க. திரும்பி வந்தா இங்கே ‘ஆஸ்திரேலியாக்காரன்’ங்கறாங்க!”

அவர் வீட்டு மாடி போர்ஷனில் இப்போது குடியிருப்பது ஒரு நேபாளத்துக் குடும்பம். புருஷன் ஹோட்டல் வேலை. மனைவி ஒரு முதியோர் இல்லத்தில். நாங்கள் போனபோது அந்தப் பெண் மொட்டைமாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“மழைக்காலம் வருதில்ல? மாடி சுத்தமா இருந்தாத்தான் கிணத்துத் தண்ணி சுத்தமா இருக்கும். நான் சொல்லவே இல்லை, அவளா கத்துக்கிட்டா. என் பசங்க மெல்பர்ன்ல இருக்காங்க. அவங்களுக்கு இந்த வீட்டுல கிணறு இருக்கறதே மறந்துபோச்சு.”

தூரத்தில் ஒரு கிரேன் ஆடிக்கொண்டிருந்தது. கோஸோ முழுக்க இப்போது ஃபிளாட் கட்டுகிறார்கள். ஜகன்தீயாவுக்கு எவ்வளவு பக்கத்தில் வரைக்கும் கட்டலாம் என்று சில வருஷங்களாகப் பெரிய சண்டை. கி.மு. காலத்துக் கோயில், 1980-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். இருந்தாலும் காலி மனை என்றால் காலி மனைதானே!

பெரியவர் கிரேனைக் காட்டி, “ராட்சசி திரும்பி வந்துட்டா. இந்தத் தடவை மொச்சை பத்தாது, லோன் கேக்கறா!” என்றார்.

கிளம்பும்போது கேட்டேன். “எல்லாரும் வந்தவங்கதான், போனவங்கதான்னா, இந்த ஊர் யாருக்குத்தான் ஐயா சொந்தம்?”

அவர் மாடியைப் பார்த்தார். அந்தப் பெண் குப்பையை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

“அதெல்லாம் பெரிய பேச்சு, தம்பி. எனக்குத் தெரியாது. கிணத்தைத் தூர் வார்றது யாரோ, தண்ணி அவங்களுக்கு.”

* * *

ஃபெர்ரியில் திரும்பும்போதே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்கு வர்றேன்.”

“சண்டை போடவா, கையெழுத்துப் போடவா?”

“கையெழுத்துக்குத்தான். அவங்களுக்கே குடுத்துடலாம். ஆனா விலையைக் கொஞ்சம் குறைச்சுக்குங்கண்ணா. தூர் வாரின கூலியை நாம இன்னும் குடுக்கலை.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “உனக்கு அங்கே என்னடா சாப்பாடு போடறாங்க?” என்றார் அண்ணன்.

“மொச்சையும் தேனும்!”

சொன்னபடி போனேன். வேப்ப மரம் அப்படியே இருந்தது. திண்ணை அப்படியே இருந்தது. கிணற்றுக்குப் புதுசாகக் கம்பி வலை போட்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் என் தலை தெரிந்தது, பின்னால் வானம் தெரிந்தது. தொண்டையில் என்னவோ பண்ணியது. அதை எல்லாம் இங்கே எழுதுவதற்கில்லை.

வீட்டிலிருந்து ஆறு வயசுப் பையன் ஒருத்தன் ஓடி வந்தான். கையில் ஒரு சொம்புத் தண்ணீர். என்னை மேலும் கீழும் பார்த்தான். பார்த்துவிட்டுக் கேட்டான்:

“அங்கிள், உங்களுக்கு எந்த ஊரு?”

தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

“வெளியூர்தான், தம்பி” என்றேன்.